நுண்ணோக்கியின் மேல் ஒரு செல்போன்

தாவரவியல் செய்முறை வகுப்பில் நெடுநாளாக எனக்கிருந்த சிக்கல் இதுதான்: நுண்ணோக்கிக்குள் மாணவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. "தெரியுது சார்" என்பார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தால் தடித்த கறுப்பு விளிம்போடு ஒரு வட்டம் இருக்கும், அது செல்லே இல்லை, ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்புக்கு அடியில் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி.

செல்போனைக் கண்ணருகு லென்ஸின் மேல் பொருத்தி, படத்தை ப்ரொஜெக்டரில் காட்ட ஆரம்பித்த பிறகுதான் இது தீர்ந்தது. கையில் பிடித்தால் படம் ஆடும், ஓரம் இருண்டுவிடும், அதனால் ஒரு பிவிசி குழாய்த் துண்டைக் கண்ணருகு லென்ஸில் செருகி அதன் மேல் பழைய போன் கவரை ஒட்டினேன். கேமராவை லென்ஸோடு ஒட்டி வைக்காதீர்கள். மெல்ல உயர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் வட்டம் முழுசாக விரியும், அங்கே நிறுத்துங்கள். அப்புறம் போன் திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் கேமரா தானாகவே மாற்றிக்கொண்டிருக்கும்.

முதலில் ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தின் இலை. சாயம் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். 400 மடங்கில், விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் விட்டால் பசுங்கணிகங்கள் (செல்லுக்குள் இருக்கும் பச்சை மணிகள்) செல்சுவரை ஒட்டி ஊர்ந்து போவது தெரியும். அம்புக்குறி போட்ட படத்தை மட்டுமே பார்த்திருந்த பிள்ளைகள் "சார், ஓடுது சார்!" என்று எழுந்து நின்றுவிட்டார்கள்.

வெங்காய வேர்நுனியில்தான் பெரிய பலன். அமிலத்தில் சூடாக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, நசுக்கி, படமெடுத்து, அந்தப் படத்தின் மேலேயே ஒவ்வொரு செல்லும் செல் பிரிதலின் எந்த நிலையில் இருக்கிறது என்று குறிக்கச் சொன்னேன். இது இடைநிலையா (பிரிதலுக்கு முந்தைய நிலை) புரோஃபேஸா (பிரிதலின் தொடக்கம்) என்று வகுப்பே ஒரே செல்லைக் காட்டிச் சண்டை போட்டது! எண்ணி முடித்தபோது பெரும்பாலான செல்கள் இடைநிலையில் இருந்தன, குரோமோசோம்கள் இரு பக்கமாக விலகும் அனாஃபேஸ் மிகக் குறைவு. எந்த நிலை அதிக நேரம் நீடிக்கிறதோ அதில்தான் அதிக செல்கள் சிக்கும் என்பதை நான் சொல்வதற்கு முன்பே ஒரு மாணவி சொல்லிவிட்டாள். இணையத்தில் கிடைக்கும் அனிமேஷன்களில் இது வராது, அங்கே எல்லா நிலையும் சம நேரத்துக்கு அழகாக ஓடி முடிந்துவிடுகிறது.

ஸ்லைடை மட்டும் ஒவ்வொருவரும் தாங்களே செய்ய வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இப்போது அளவெடுக்கத் தொடங்கியிருக்கிறோம். குறைந்த உருப்பெருக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகளைப் படமெடுத்து, ஜூமை மாற்றாமல் வெங்காயத் தோலையும் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு செல்லின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள்.