ஹாரிஸ் தீவில் ஒரு நாள்: கிழக்கே பாறை, மேற்கே மணல், நடுவில் தறி

ஹாரிஸைக் காரில் சுற்ற ஒரு நாள் போதும். அதே நாளில் லூயிஸில் இருக்கும் காலனிஷ் என்ற பழங்கால நடுகற்களையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். கடைசியில் இரண்டும் அரைகுறையாகிவிடும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், வெளி ஹெப்ரிடிஸ் தீவு வரிசையில் லூயிஸும் ஹாரிஸும் பெயரில்தான் இரண்டு, நிலம் ஒன்றே. அதனால் வரைபடத்தில் எல்லாமே பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். படகுத்துறை ஊரான டார்பர்ட்டில் கிளம்பி, கிழக்குக் கரையோரமாகத் தென்முனையில் உள்ள ரோடலுக்குப் போய், மேற்குக் கரை வழியாகத் திரும்பினால் மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். அதற்கு எட்டு மணி நேரம் ஒதுக்குங்கள். குறைத்தால், ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி நெய்யும் தறிக்கொட்டகையைப் பார்ப்பதுதான் முதலில் அடிபடும்.

காலையில் கிழக்கு, மதியத்துக்கு மேல் மேற்கு. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் கணக்கு: காலை வெயில் கடல் பக்கமிருந்து கிழக்குப் பாறைகள் மேல் நேராக விழும், பிற்பகல் வெயில் மேற்கு மணலுக்கு வந்துவிடும். இந்தத் திசையை மாற்ற ஒரே ஒரு காரணம் உண்டு, கடல் வற்றம். லஸ்கென்டயர் கடற்கரையின் அந்தப் பச்சை நீலம் தண்ணீர் இறங்கியிருக்கும்போதுதான் முழுசாகத் தெரியும். ஓத அட்டவணையை முந்தின நாளே பாருங்கள். வற்றம் காலையில் வந்தால் சுற்றைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்கை தீவின் யூகிலிருந்து டார்பர்ட்டுக்கு கார் ஏற்றும் படகு உண்டு. பயணம் சுமார் 1 மணி 40 நிமிடம். கோடையில் ஆளுக்கு இடம் கிடைத்துவிடும், காருக்குத்தான் கிடைக்காது. தேதி முடிவானதுமே பதிவு செய்துவிடுங்கள். காற்று பலத்தால் படகு ரத்தாகும் என்பதால் முந்தின இரவே டார்பர்ட்டில் தங்குவது நல்லது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். ஓய்வுநாளை இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் தீவு இது. பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், தறி ஓடாது.

இனி சாலை. இந்தியாவில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இடப்பக்கம் ஓட்டுவதில் சிரமமில்லை. இந்திய உரிமத்தை வைத்துக்கொண்டே 12 மாதம் வரை அங்கே கார் ஓட்டலாம். பலகையில் இருக்கும் வேகமும் தூரமும் மைல் கணக்கு என்பதை மட்டும் மறக்காதீர்கள். சிக்கல் ஒற்றைத்தடச் சாலையில்தான் தொடங்கும். ஒரு கார் மட்டும் போகிற அகலம், கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஓரத்தில் ஒதுங்குமிடம். எதிரே வண்டி வந்தால் யாருக்கு ஒதுங்குமிடம் பக்கமோ அவர் நிற்க வேண்டும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதில் நுழையக் கூடாது. அதற்கு நேரே உங்கள் தடத்திலேயே நின்றுவிட்டால், எதிரே வருபவர் அதற்குள் வளைந்து போய்விடுவார். குறுக்கே வெட்டி வலப்பக்கம் ஏறுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இரண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். பின்னால் வேகமாக யாராவது வந்தால் அவர்களுக்கும் ஒதுங்கி வழிவிட வேண்டும், உள்ளூர்க்காரர் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். படம் எடுக்க ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தார் ஓரம் உடைந்திருக்கும். அதை அடுத்து ஊறிய கரிமண் (பீட் எனும் சதுப்பு மண்), சக்கரம் இறங்கினால் தானாக ஏறாது. மேடு ஏறும்போது உச்சிக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரியாது, வேகத்தைக் குறைத்தே ஏறுங்கள். ஆடுகள் தாரிலேயே படுத்திருக்கும். தாய் ஒரு ஓரத்திலும் குட்டி மறு ஓரத்திலும் நின்றால், நீங்கள் நெருங்கும் நேரத்தில்தான் குட்டி குறுக்கே பாயும். காற்று இன்னொரு தொல்லை. காரின் முகம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்தி, கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் கீல் வளைந்துவிடும். வாடகைக் காரின் காப்பீட்டில் அது அடங்குமா என்று முன்பே கேட்டுவைப்பது நல்லது.

டார்பர்ட்டுக்குத் தெற்கே சில மைல் போனதும் பெரிய சாலையிலிருந்து இடப்பக்கம் பிரிவதுதான் கோல்டன் ரோடு. போடுவதற்கு ஆன செலவைப் பார்த்து ஊரார் வைத்த பெயர். ட்ரினிஷேடர், ஸ்டாக்கினிஷ், கியோக்ராப், ஃபின்ஸ்பே என்று கடல் கைகளைச் சுற்றிச் சுற்றி ரோடல் வரை சுமார் 40 கிலோமீட்டர். நிறுத்தங்களோடு மூன்று மணி நேரம் ஆகும். பெரிய கேம்பர் வேன் எடுத்திருந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

இங்கே மண் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. 300 கோடி ஆண்டு வரை பழமையான லூயிசியன் நைஸ் பாறை, பனியாறுகள் சுரண்டியது போக மிச்சம் நிற்கிறது. சாம்பல் நிறத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு வரிகள். பாறைக்கு நடுவே வரிவரியாக மேடு கட்டிய பழைய பாத்திகள் தெரியும். 19-ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரையின் நல்ல நிலத்தை ஆட்டுப் பண்ணைக்காகக் காலி செய்து குடிகளை இந்தப் பக்கம் தள்ளினார்கள். அவர்கள் கடற்பாசியும் கரிமண்ணும் சுமந்து வந்து பாறை மேல் கொட்டி உருளைக்கிழங்கு போட்ட இடங்கள் அவை. செத்தவரைப் புதைக்கக்கூட ஆழம் போதாமல், சவப்பெட்டியை மலைக்கு அப்பால் மேற்குக் கரை வரை தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஒற்றையடிப் பாதையில் இன்றும் நடக்கலாம்.

இந்த நிலத்தைப் பார்த்த பிறகுதான் ஹாரிஸ் ட்வீட் புரியும். உழுது பிழைக்க முடியாத இடத்தில் ஆடும் ஒரு தறியும் இருந்தால் பிழைக்கலாம். 1840-களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்த காலத்தில், தீவின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த டன்மோர் சீமாட்டி இங்கே வீடுகளில் நெய்த கம்பளித் துணியைத் தன் வட்டத்துப் பணக்காரர்களிடம் கொண்டுபோனார். அப்படித்தான் சந்தை பிறந்தது. அன்று சாயம்கூடப் பாறையிலிருந்துதான் வந்தது. குரோட்டல் என்ற பாறைப்பாசியைச் சுரண்டி, கம்பளியோடு அடுக்கிக் கொதிக்க வைத்தால் செம்பழுப்பு நிறம் ஏறும். அந்த நிறத்தை உடுத்திக் கடலுக்குப் போகமாட்டார்களாம், பாறையில் இருந்து வந்தது பாறைக்கே திரும்பும் என்ற பயம்.

1993-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. கம்பளி புதியதாக, கலப்பில்லாததாக இருக்க வேண்டும். சாயம், நூற்பு, இறுதி வேலை எல்லாம் வெளி ஹெப்ரிடிஸிலேயே நடக்க வேண்டும். நெசவு, தீவுவாசியின் வீட்டில் கையால். நூலையும் கையால்தான் நூற்க வேண்டும் என்ற விதியை 1934-ல் தளர்த்திவிட்டார்கள். அதனால் இன்று நூல் லூயிஸில் உள்ள ஆலைகளிலிருந்து வருகிறது. தறிக்கு மட்டும் மோட்டார் கூடாது.

கோல்டன் ரோட்டிலும் மேற்குப் பக்கமும் வீட்டோடு ஒட்டிய தறிக்கொட்டகைகள் உண்டு. வாசலில் பலகை தொங்கி, கதவு திறந்திருந்தால் உள்ளே போகலாம். படம் எடுக்குமுன் கேளுங்கள். இரண்டு வகைத் தறி பார்க்கலாம். பழைய இரும்பு ஹாட்டர்ஸ்லி, மிதிப்பலகையில் ஓடும், நாடா (குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை) தடதடவென்று இங்குமங்கும் பாயும், துணி அகலம் 75 செ.மீ. 1990-களில் வந்த போனஸ்-கிரிஃபித்தில் நாடா கிடையாது, சைக்கிள் மாதிரி பெடல் மிதிக்க வேண்டும், அகலம் 150 செ.மீ. புதுப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், வந்ததும் பழைய பாவின் நுனி ஒவ்வொன்றோடும் புது நூலைக் கையால் பிணைக்க வேண்டும். அகலத் தறியில் ஆயிரத்துக்கு மேல் முடிச்சு. ஓடும்போது ஒரு பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, பாவு நூல்களைப் பிரித்துத் தூக்கும் விழுதின் கண்ணிலும், சீப்பு போன்ற அச்சிலும் இழுத்துவிட்டுத்தான் தொடர முடியும். கவனிக்காமல் விட்டால் அது துணியின் நீளம் முழுக்கக் கோடாக விழும். ஊடை, அதாவது குறுக்கு நூல், விட்டுப்போனால் குறுக்கே பட்டை விழும்.

தறியில் இருக்கும் துணியைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். நூற்பதற்காகச் சேர்த்த எண்ணெய் போகாமல் விறைப்பாக, லேசான பிசுக்கோடு இருக்கும். ஆலையில் பிழை தைத்து, சோப்பில் அலசி, அமுக்கி முடித்த பிறகுதான் இழைகள் பிணைந்து மென்மை வரும். ஒரு காலத்தில் அந்த அமுக்கும் வேலையைப் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பாட்டின் தாளத்துக்குத் துணியை அடித்துச் செய்தார்கள். ஊறவைத்தது பழைய சிறுநீரில்.

ரோடலில் புனித கிளெமென்ட் தேவாலயம். நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே 1528 என்று பொறித்த, மக்லியோட் குலத் தலைவர் அலஸ்டேர் குரோட்டக்கின் கல்லறை இருக்கிறது, அதில் செதுக்கிய பாய்க்கப்பலை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அடுத்து லீவர்பரா. சோப்பு முதலாளி லீவர்ஹியூம் பெரிய மீன்பிடித் துறைமுகம் கட்ட ஆசைப்பட்ட ஊர், 1925-ல் அவர் இறந்ததும் திட்டம் படுத்துவிட்டது. சாப்பாட்டுக்கு நிற்கலாம். காபிக்கடைகள் குறைவு, பலவும் சாயங்காலத்துக்குள் மூடிவிடும் என்பதால் கையில் ஏதாவது இருக்கட்டும். சாலையோரம் ஆளில்லாத பெட்டிகளில் கேக், முட்டை விற்பார்கள், அங்கே டப்பாவில் போடச் சில்லறை பவுண்டு வேண்டும்.

மேற்கே நிலமே மாறிவிடும். சிப்பித்தூள் மணல் காற்றில் ஏறி வளமாக்கிய புல்வெளி, ஜூனில் முழுக்கப் பூ. ஸ்காரிஸ்டாவில் நடக்கலாம். சேலபோஸ்ட் அருகே மேட்டிலிருந்து விரிகுடா முழுவதும் தெரியும். லஸ்கென்டயருக்குப் பிரியும் ஒற்றைத்தடம் முட்டுச்சாலை. முடிவில் இடுகாட்டை ஒட்டிச் சின்ன வண்டி நிறுத்துமிடம், நண்பகலில் நிரம்பியிருக்கும். மாலை நாலு மணிக்கு மேல் போனால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

துணி வாங்கும்போது முதலில் அகலத்தைக் கேளுங்கள். ஆண்களுக்கான கோட்டுக்கு 150 செ.மீ. அகலத்தில் 2 முதல் 2.5 மீட்டர் போதும், 75 செ.மீ. என்றால் இரண்டு மடங்கு. மீட்டர் விலையை மட்டும் ஒப்பிட்டுக் குறுகிய துணியை மலிவு என்று வாங்கி, தையல்காரரிடம் போய் விழிப்பது வழக்கமான கதை. மீன்முள் கோலத்திலோ கட்டத்திலோ எடுத்தால் பொருத்தி வெட்ட அரை மீட்டர் கூட வேண்டும். துணியின் பின்பக்கம், உருண்டை மேல் சிலுவை போட்ட முத்திரையைப் பாருங்கள். 1911-லிருந்து குத்தப்படும் அடையாளம் அது. தீவில் விற்பதாலேயே எல்லா ட்வீட்டும் ஹாரிஸ் ட்வீட் ஆகிவிடாது. கடைசி அரை மீட்டரை அடுத்த வருஷம் தபாலில் வரவழைக்கலாம் என்று விட்டுவைக்காதீர்கள், அடுத்த சாயத்தில் நிறம் கொஞ்சம் தள்ளிப்போகும். தைக்குமுன் நீராவி இஸ்திரி போட்டுச் சுருங்க விடுங்கள். வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டால் கம்பளி இறுகிவிடும், மீட்க வழியில்லை. அழுக்கோடு மடித்து வைத்தால் பூச்சி அரிக்கும். டிரைகிளீன் செய்து, மூடிய பையில் வையுங்கள்.