பதினான்கு நாள் சென்சார்

ஜூன் 10

காலை 10:15-க்குச் சர்க்கரை பார்க்கும் சென்சாரை ஒட்டியாயிற்று. ஸ்பிரிட் ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்காது என்பதால் அம்மாவின் கையை விசிறிக்கொண்டே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அமுக்கினதும் ஸ்டேப்ளர் அடித்த மாதிரி ஒரு சத்தம். அம்மா கண்ணைத் திறக்காமல், "குத்தியாச்சா தம்பி?" என்றாள். ஊசி திரும்ப வெளியே வந்துவிடும், மயிர் மாதிரி ஒரு இழை மட்டும் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ளே நிற்கும். மேலே தெரிவது பத்து ரூபாய் காசைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வில்லை.

தயாராக ஒரு மணி நேரம் ஆகும் என்று போன் சொன்னது. அந்த ஒரு மணி நேரமும் நான் வேறு எதையும் செய்யவில்லை. 11:15-க்கு முதல் எண் வந்தது, 243. சிங்கப்பூரில் அக்கா போனிலும் அதே எண். "நான் பாத்துட்டேன்டா" என்று உடனே மெசேஜ் போட்டாள்.

ஜூன் 11

அம்மாவின் வலது கால் விரல் அப்படியே இருக்கிறது.

ஜூன் 12

மேட்டூர் திறந்துவிட்டார்கள். அப்பா டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. மூணு நாளில் கல்லணை, அதுக்கப்புறம்தான் நமக்கு என்று யார் வந்தாலும் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் நான் அம்மாவின் எண்ணைச் சொல்வேன், அவர் அணையின் அடிக்கணக்கைச் சொல்வார். இந்த வீட்டில் இப்போது பேச்சே அவ்வளவுதான்.

பழைய சோறு சர்க்கரையை ஏற்றாது என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் 168-லிருந்து 261. படத்தைக் காட்டினேன். போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "நாப்பது வருஷமா சாப்பிடுறேன்" என்றாள்.

ஜூன் 13

ராத்திரி 2:50-க்கு அலாரம். 54, ரொம்பக் குறைவு. எழுந்து ஓடினேன், கூடத்து விளக்கைப் போட்டேன், சர்க்கரை டப்பாவையும் தண்ணீர்ச் சொம்பையும் எடுத்துக்கொண்டு போனால் அம்மா இடது கைமேல் ஒருக்களித்து நிம்மதியாகத் தூங்குகிறாள், நெற்றியில் வியர்வை இல்லை, கையில் நடுக்கம் இல்லை. எழுப்பி விரலில் குத்திப் பார்த்தேன், 131. சென்சார் பார்ப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே ஊறும் நீரை. அதன்மேல் படுத்தால் அந்த இடத்தில் ஓட்டம் குறைந்து எண் பொய்யாகக் கீழே இறங்கும். இதைப் படித்தவன்தான் நான், இடது கைப்பக்கமாக அவள் தூங்குவாள் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும், இருந்தும் அந்தக் கையில்தான் ஒட்டியிருக்கிறேன். அக்கா அதற்குள் இரண்டு தடவை அழைத்துவிட்டாள். அங்கே மணி ஐந்தரை.

அப்புறம் எனக்குத் தூக்கம் இல்லை.

ஜூன் 14

போனை எங்கே வைப்பது என்பதுதான் இப்போது பெரிய கவலை. புளூடூத் இருபது அடி எட்டும் என்கிறார்கள், அது வெட்டவெளிக் கணக்கு. நம் வீட்டுச் சுவர் தாத்தா காலத்து ஒன்றரை அடிச் சுவர், கூடத்தில் வைத்தால் உள்ளறையிலிருந்து ஒன்றும் வராது. உள்ளே வைத்தால் அலாரம் அம்மாவை எழுப்புகிறது, எனக்குக் கேட்பதில்லை. கதவு நிலைக்கு மேலே இருக்கும் மாடத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கே கிடைக்கிறது.

ஜூன் 15

போனில் அலாரம் வந்தால் கையில் அதிருவதற்காக வாங்கிய வாட்ச் வந்துவிட்டது. விலை குறைந்த வகைதான். இதெல்லாம் பச்சை வெளிச்சத்தை அடித்துத் திரும்பி வருவதை வைத்து நாடியைக் கணக்கிடுகிறது. பூவன் பழத்தில் கட்டிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 78 என்று காட்டியது. அதனால் நாடிக்கு இதை நம்பமாட்டேன். அதிர்வு மட்டும் நன்றாக இருக்கிறது, தூக்கத்திலும் தெரியும். எனக்கு வேண்டியது அதுதான்.

கொரோனா சமயத்தில் வாங்கின துப்பாக்கி தெர்மாமீட்டர் பரணில் இருந்தது. இரண்டு கால்களிலும் ஒரே இடத்தில் சூடு பார்த்து, வித்தியாசம் 2.2 டிகிரியைத் தாண்டினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று பொருள். முதலில் எங்கே வைத்தாலும் "லோ" என்றே வந்தது. அது நெற்றிக்கான கணக்கில் இருந்திருக்கிறது, பட்டனை அழுத்தி வெறும் பரப்புச் சூட்டுக்கு மாற்றியதும் வேலை செய்தது. வலது 34.6. இடது 31.4.

3.2.

ஜூன் 16

3.0. நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்புக்கு இன்னும் தண்ணீர் வரவில்லையாம்.

ஜூன் 17

ராத்திரி பதினொன்றிலிருந்து கரண்ட் இல்லை. ரவுட்டர் நின்றால் அக்காவுக்கு எண் போகாது, எண் போகாவிட்டால் அவள் அழைப்பாள், அழைத்தால் அழுவாள். நல்லவேளை போன வாரமே மினி யுபிஎஸ் வாங்கி மாட்டியிருந்தேன், உள்ளங்கை அளவுதான். வாங்குகிறவர்கள் ரவுட்டரின் அடியில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மூன்றரை மணி நேரம் தாங்கியது. போனுக்குப் பவர்பேங்க். 10000 என்று மேலே போட்டிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, போனுக்கு வருகிற 5 வோல்ட்டில் 6000 சொச்சம் கிடைத்தால் அதிகம். இந்த ராத்திரிக்கு அது போதும். வேப்பமரத்தில் இலை அசையவில்லை. அம்மாவுக்கு விசிறிக்கொண்டே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன், 142, 139, 140.

நாளைக்குத் தஞ்சாவூர்.

ஜூன் 18

வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்கணும், வந்து சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா வழக்கம்போல் காலை இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டாள், நான் கவனிக்கவில்லை. ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். முன்னால் நெல் லாரி, பின்னால் பஸ், காருக்குள் வெக்கை. வாட்ச் அதிர்ந்தது, 66. சரி, கைமேல் சாய்ந்திருப்பாள் என்று நினைத்தேன், சாயவில்லை. 61. அம்மாவைக் கூப்பிட்டேன். "ம்" என்றாள், அந்த "ம்" சரியாக இல்லை. கை ஜில்லென்று இருந்தது. விரலில் குத்தினால் 52. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன், பாதி அவள் புடவையில் சிந்தியது.

பதினைந்து நிமிடம். ரயில் போயிற்று, கேட் திறந்தது, பின்னால் ஹாரன், நான் வண்டியை ஓரம் கட்டினேன். சென்சார் இன்னும் 57 என்றே காட்டுகிறது, விரலில் 83. ஏறும்போது சென்சார் பத்து நிமிடம் பின்னால்தான் வரும். அந்தப் பத்து நிமிடத்தை என்னால் சொல்ல முடியாது.

அம்மா, "உங்கப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

டாக்டர் கால் விரலைப் பார்த்தார். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றுதான் சொன்னார், விரலை எடுக்கணும் என்று சொல்லவில்லை. வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 19

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. சர்க்கரை டப்பாவைக் கொண்டுபோய் அம்மா தலைமாட்டில் வைத்தார்.

ஜூன் 20

2.7. வியர்வையில் சென்சாரின் ஓரம் கிளம்புகிறது. அம்மாவின் பழைய ரவிக்கைக் கையை வெட்டி வளையம்போலப் போட்டுவிட்டேன். கடையில் விற்கும் பட்டையைவிட இது தேவலை, அரிப்பு இல்லை.

ஜூன் 21

தண்ணீர் வந்துவிட்டது. அப்பா விடியற்காலையிலேயே வெண்ணாற்றங்கரைக்குப் போய்விட்டு முழங்கால்வரை சேறோடு வந்தார். முன்னால் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு வந்ததாம். அம்மா, "கலங்கலா வருதா?" என்று கேட்டாள். நான் வீடியோ எடுத்துவந்து காட்டினேன். மறுபடி மறுபடி போடச் சொன்னாள்.

2.5.

ஜூன் 22

2.5.

ஜூன் 23

சென்சார் நாளைக் காலை 10:15-க்கு நின்றுவிடும். அடுத்தது கையிருப்பில் இருக்கிறது, இந்தத் தடவை வலது கையில். பழையதைக் கழற்றுவதற்கும் புதியது பேசுவதற்கும் நடுவே அந்த ஒரு மணி நேரம் இருக்கிறது. அக்காவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், எண் வராது, பயப்படாதே என்று.

மணி 5:40. அம்மா கால்களை அசைக்காமல் படுத்திருக்கிறாள். பார்த்தேன். வலது 33.3. இடது 31.2. இன்னொரு தடவை பார்த்தேன், அதேதான். அம்மா