இறகுதிர்காலம்: சித்திரையில் பிலிப் தீவுக்குப் போகிறவர்களுக்கு

மெல்பேர்ணுக்கு வந்த முதல் வருடம் நம் குடும்பங்களை அதிகம் குழப்புவது பருவங்கள் தலைகீழாக வருவதுதான். சித்திரைப் புத்தாண்டு பிறக்கும்போது ஊரில் வெயில் கொளுத்தும். இங்கே அப்போதுதான் குளிர் மெல்ல இறங்கும். மார்ச், ஏப்ரல், மே மூன்றும் அவுஸ்திரேலியாவில் இலையுதிர்காலம். டண்டினோங் மலைப் பக்கத் தோட்டங்களில் மேப்பிள் மரங்கள் சிவக்கும், அதைப் படமெடுக்கச் சனம் திரளும். அதே சிவப்பை பிலிப் தீவு முதலான வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாத் தீவுகளில் தேடினால் கிடைக்காது. அங்குள்ள யூகலிப்டஸும் பாங்சியாவும் குளிரைக் கண்டு இலையைக் கொட்டுகிற மரங்கள் அல்ல. அந்தத் தீவுகளில் உதிர்வது இறகு. எந்த வாரத்தில் எந்தப் பறவை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால், ஜனவரிக் கூட்டத்தில் முண்டியடித்துப் பார்ப்பதைவிட நிறையவே காணலாம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சூரியன் மறையும் நேரம். சனம் பிலிப் தீவில் பார்க்கப் போவது கடலிலிருந்து கரையேறும் பென்குயின்களை. அவை இருட்டத் தொடங்கிய பிறகுதான் கரையேறும். கோடையில் அது இரவு ஒன்பதைத் தாண்டிவிடும். நிகழ்வு முடிந்து வீடு வந்து சேர நள்ளிரவாகும், சின்னப்பிள்ளைகள் பென்குயின் வரும் முன்பே மடியில் தூங்கிவிடுவார்கள். ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பின் சூரியன் ஆறு மணியளவிலேயே மறையும், மே நடுவில் ஐந்தேகாலுக்கெல்லாம் மறைந்துவிடும். ஒன்பது மணிக்கு முன்பே வீட்டில் இருக்கலாம். ஏப்ரலில் பாடசாலை விடுமுறையும் வருவதால் வேலைநாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஈஸ்டர் நீள்வார இறுதியைத் தவிருங்கள். தீவுக்குள் போக இருப்பது ஒரே பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கமுள்ள சான் ரெமோவில் வாகனங்கள் நீண்ட வரிசையில் நிற்கும்.

மெல்பேர்ண் நகரிலிருந்து தீவு ஏறத்தாழ 140 கிலோமீற்றர், இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைக்கலாம். டண்டினோங், கிரான்பேர்ண் பக்கம் இருப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. மொனாஷ் பெருஞ்சாலை, சவுத் கிப்ஸ்லாண்ட் பெருஞ்சாலை, பிறகு பாஸ் பெருஞ்சாலை என்று நேர்வழிதான்.

பலரும் பிழை விடுவது அன்றைய நாளின் ஒழுங்கில். தீவின் மேற்கு முனையில் நொபீஸ் என்ற பாறைமுனை இருக்கிறது. மரநடைபாதையில் நின்றால் கீழே அலை பாறையில் மோதி வெடிப்பது தெரியும். கடலுக்குள் சற்றுத் தள்ளிச் சீல் ரொக்ஸ் என்ற பாறைத்திட்டில் அவுஸ்திரேலிய ஃபர் சீல்கள் (கடல்நாய்கள்) ஆயிரக்கணக்கில் கிடக்கும். வெறுங்கண்ணுக்கு அவை அசையும் புள்ளிகள்தான், தொலைநோக்கி கொண்டுபோங்கள். பென்குயின்கள் நொபீஸுக்குப் போகும் வீதியைக் கடந்து வளைக்குப் போவதால் சூரியன் மறைவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே அங்கே படலையை மூடிவிடுவார்கள். மே மாதத்தில் நாலேகால் மணியளவில் மூடுகிறார்கள் என்றாகிறது. சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு நாலரைக்குப் போனால் திரும்பி வரவேண்டியதுதான். காலையில் பக்கத்துச் சின்னத் தீவான சேர்ச்சில் தீவு, மதியம் தீவின் பிரதான ஊரான கௌஸின் கடற்கரைப் பூங்காவில் சாப்பாடு, இரண்டரைக்குள் நொபீஸ், அதன்பின் பென்குயின் என்று வைத்துக்கொண்டால் எதுவும் தவறாது.

சம்மர்லாண்ட் கடற்கரையில் கரையேறுபவை பென்குயின் இனங்களிலேயே மிகச் சிறியவை. உயரம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர், எடை ஒரு கிலோ அளவு, முதுகு நீலம். இந்த முனையில் ஒரு காலத்தில் வீடுகள் நிறைந்த குடியிருப்பு இருந்தது. 1985இல் தொடங்கி மாநில அரசு ஒவ்வொரு வீடாக, காணியாக விலைகொடுத்து வாங்கி, 2010இல் முழு நிலத்தையும் பென்குயின்களுக்கே திருப்பிக் கொடுத்தது. பென்குயின்களைக் கொன்று குவித்த நரிகள் தீவில் முற்றாக ஒழிக்கப்பட்டுவிட்டன என்று 2017இல் அறிவித்தார்கள். இன்றைக்கு நம் பிள்ளைகள் பார்ப்பது இத்தனை பேரின் பாடு.

பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இந்தப் பறவைகள் இறகு மாற்றும். பெரும்பாலான பறவைகள் இறகைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். பென்குயின் உடல் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றுகிறது. ஒரு பறவைக்கு ஏறத்தாழ 17 நாள் பிடிக்கும். அந்த நாள்களில் உடலில் நீர்புகாத உறை இல்லாததால் கடலில் இறங்க முடியாது. இறங்கினால் நனைந்து விறைத்துவிடும். கடலில் இறங்க முடியாவிட்டால் மீனும் இல்லை. ஆகவே முன்கூட்டியே தின்று உடலை இருமடங்கு அளவுக்குக் கொழுக்க வைத்துக்கொண்டு கரையேறும். பிறகு வளை வாசலில் பட்டினி கிடக்கும். ஏப்ரலில் நடைபாதையோரம் ஒரு பென்குயின் பிய்ந்துபோன பஞ்சுத்தலையணை மாதிரி, பழைய இறகு பாதி ஒட்டியபடி, புது நீலம் பாதி தெரிய, கண்ணை மூடி நிற்கும். காலடியில் இறகு குவிந்து கிடக்கும். பார்த்தவுடன் நோய் என்று பதறுவார்கள். தண்ணீர் ஊற்றுவதோ, பிஸ்கற் போடுவதோ, கிட்டப்போய்க் குனிவதோ வேண்டாம். அது அசைகிற ஒவ்வொரு தடவையும் சேமித்த கொழுப்பு செலவாகிறது, இந்த நேரத்தில் திரும்ப நிரப்ப வழியில்லை. சத்தமில்லாமல் கடந்துபோவதுதான் நாம் செய்யக்கூடிய உதவி.

இதனால் இலையுதிர்காலத்தில் கடலிலிருந்து வரும் எண்ணிக்கை கோடையைவிடக் குறைவு. ஆனால் கரையில் நிற்பவற்றைப் பகலிலும் காண வாய்ப்பு உண்டு. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து, சூரிய மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பு இருக்கைக்குப் போய்விடுங்கள். பாஸ் நீரிணையிலிருந்து வரும் காற்று மெல்பேர்ணில் புறப்பட்ட உடுப்பை ஊடுருவிவிடும். தொப்பியுள்ள மழையங்கி, உள்ளே கம்பளிச் சட்டை, காலுறை இரண்டு சோடி, சீமெந்துப் படியில் போட ஒரு தடித்த துணி வேண்டும். குடை காற்றில் மடங்கும், பின்னால் இருப்பவருக்கும் மறைக்கும். கைபேசியில் படமெடுக்கத் தடை உண்டு. ஒளி பட்டால் பறவை வெருண்டு கடலுக்கே திரும்பிவிடும், குஞ்சுள்ள காலமென்றால் வளையில் காத்திருக்கும் குஞ்சு பட்டினி கிடக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காரிலேயே சொல்லிவையுங்கள், வாசலில் சொன்னால் அழுகைதான்.

முதல் கூட்டம் மணலைக் கடந்ததும் எழும்பி வீட்டுக்கு ஓடாதீர்கள். கடற்கரையில் தூரத்தில் தெரிவதைவிட, மேலே மரநடைபாதையில் கைக்கெட்டும் தூரத்தில் அவை தத்தித் தத்திப் போவதும், ஒன்றையொன்று கத்தி அழைப்பதும்தான் சிறப்பு. கடைசியில் கார் எடுப்பதற்கு முன் நான்கு சில்லுகளுக்குக் கீழேயும் குனிந்து பாருங்கள். காருக்கடியில் ஒதுங்கிய பென்குயின் எஞ்சின் சத்தத்துக்கு ஓடிவரும் என்று நம்ப முடியாது.

இறகுதிர்காலத்தின் மற்றக் கதை தீவின் தென்கிழக்கு முனையான கேப் வூலமாயில் நடக்கிறது. குட்டைவால் ஷியர்வாட்டர் என்ற கரும்பறவை, ஊர்க்காரர் மட்டன் பேர்ட் என்பார்கள், இங்கே மண்ணில் ஒரு மீற்றர் ஆழம் வளை தோண்டி நவம்பர் கடைசியில் ஒரேயொரு முட்டை இடும். பெற்றோர் இருவரும் ஊட்டி ஊட்டிக் குஞ்சைத் தங்களைவிடப் பாரமாக்கிவிடுவார்கள். சித்திரைப் புத்தாண்டு வாரமளவில், ஏப்ரல் நடுவில், குஞ்சை வளையிலேயே விட்டுவிட்டு ஏறத்தாழ 15,000 கிலோமீற்றர் தள்ளி வட பசிபிக்குக்குப் புறப்பட்டுவிடுவார்கள். குஞ்சு பசியில் மெலிந்து, இறகு முற்றி, ஏப்ரல் கடைசியில், மே தொடக்கத்தில், காற்று வீசும் இரவொன்றில் தானாகவே வளையை விட்டு வெளியேறும். பாதையை அதற்கு யாரும் காட்டுவதில்லை.

அந்த முதல் பறப்பில் வீதிவிளக்கு அதன் கண்ணைக் குழப்புகிறது. வெளிச்சத்தை நோக்கி வந்து தார்வீதியில் இறங்கிவிடும். சமதரையிலிருந்து கிளம்ப அதற்குக் காற்றும் ஓட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அந்த வாரங்களில் பாலத்தின் விளக்குகளை அணைத்து, வேகத்தையும் குறைப்பது வழக்கம். பென்குயின் பார்த்துவிட்டுத் திரும்பும் நேரம் இதே நேரம்தான். வீதியில் கறுப்பாக ஏதாவது கிடந்தால் பிளாஸ்ரிக் பை என்று எண்ணி ஏறிப் போகாதீர்கள். பாலத்தின் நடுவே நிறுத்துவது ஆபத்து. பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி, வைல்ட்லைஃப் விக்டோரியா என்ற வனவிலங்கு அமைப்பின் மீட்பு இலக்கத்துக்கு அழையுங்கள், அந்த இலக்கத்தை வீட்டிலிருந்து கிளம்பும்போதே கைபேசியில் பதிந்துவையுங்கள். அவர்கள் தூக்கச் சொன்னால் துவாயால் மூடித் தூக்கி, காற்றுத்துளையிட்ட மட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்தால் போதும். சாப்பாடு, தண்ணீர் கொடுக்க வேண்டாம். அடிபட்டு இறந்த வலபியை (சின்னக் கங்காரு இனம்)க் கண்டாலும் அதே இலக்கம்தான். அதன் வயிற்றுப் பையில் குட்டி உயிரோடு இருக்கலாம்.

பகலில் வூலமாய் பினக்கிள்ஸ் நடைக்குப் போனால் குறியிட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். புல்லுக்கடியில் வளைகள், மிதித்தால் கூரை இடிந்து குஞ்சு புதைந்துபோகும். வெயில் அடிக்கும் ஏப்ரல் நாளில் கொப்பர்ஹெட் பாம்பும் வெளியே கிடக்கும். அது குளிரைத் தாங்கும் இனம். பத்து சென்ரிமீற்றர் அகலமான, இழுபடும் கட்டுத்துணிச் சுருள்கள் இரண்டைக் கைப்பையில் வைத்திருங்கள். கடித்தால் கழுவாமல், விஷத்தை உறிஞ்சாமல், கடிபட்ட கால் முழுவதையும் இறுக்கிச் சுற்றி, அசையவிடாமல் படுக்கவைத்து 000 அவசர இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

நொபீஸிலும் சேர்ச்சில் தீவிலும் புல் மேயும் பெரிய சாம்பல் வாத்துகள் கேப் பேரன் வாத்துகள். அலகின் மேற்புறம் எலுமிச்சைப் பச்சைநிறம். குளிர்காலத்தில் முட்டையிடுபவை என்பதால் மே மாதத்தில் சோடி சேர்ந்து இடம் பிடித்திருக்கும். கழுத்தை நீட்டி உறுமிக்கொண்டு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்குங்கள், எதிர்த்து நிற்காதீர்கள். கௌஸ் பூங்காவில் புளிச்சோற்றைப் பிரித்தால் கடற்காகம் வட்டமிடும். ஒரு பருக்கை எறிந்தால் முப்பது வரும்.

கடலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தெற்குக் கரைகளில் கரைநீரோட்டம் காலைப் பறித்துக்கொண்டு போகும். 2024 ஜனவரியில் ஃபொரஸ்ட் கேவ்ஸ் அருகே, உயிர்காப்பாளர் இல்லாத கரையில், ஒரே குழுவில் வந்த நால்வர் மூழ்கி இறந்தார்கள். இலையுதிர்காலத்தில் பெரும்பாலான நாள்களில் எந்தக் கரையிலும் காவல் இராது. சிவப்பு மஞ்சள் கொடி இல்லாத இடத்தில் முழங்கால் தண்ணீருக்கும் இறங்கக் கூடாது.

கோவாலாவை மரத்திலேயே காண ஆசைப்பட்டால் அதே விரிகுடாவிலுள்ள பிரெஞ்சுத் தீவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஃபிராங்ஸ்ரனிலிருந்து ஸ்ரோனி பொயின்ற்றுக்கு டீசல் ரயில், அங்கிருந்து படகில் கால் மணி நேரத்தில் ரங்கர்ரன் இறங்குதுறை. துறையில் கடை இல்லை, தீவில் தார்வீதியே இல்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், சாப்பாடு, சைக்கிள் என்று எல்லாம் இங்கிருந்தே. மன்னா யூகலிப்டஸ் மரத்தடியில் ஒலிவ் விதை அளவு எச்சம் புதிதாகக் கிடக்கிறதா, தண்டில் நகக்கீறல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கிளை பிரிகிற இடத்தில் சாம்பல் உருண்டையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் ஏறத்தாழ இருபது மணி நேரம் தூங்குகிற பிராணி அது. மரத்தைத் தட்டி எழுப்பாமல் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு நாளைக்கு ஓடுவது சில படகுகள்தான். கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே எழுதிவைத்து, அரை மணி முன்பாகத் துறைக்கு வந்துவிடுங்கள்.