கணவாயின் இரு பக்கமும்: செங்கோட்டை – ஆரியங்காவு காட்டுப்பூக்களின் பருவப் பதிவு

தமிழ்நாட்டுச் செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாயைக் கடந்து கேரளத்து ஆரியங்காவு போய்ச் சேரச் சுமார் இருபது கிலோமீட்டர். இந்தச் சின்ன தூரத்துக்குள் மழை இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கும். அதே மேகம் கணவாயைத் தாண்டும்போது சாரலாகும். இன்னும் கிழக்கே கடையநல்லூர் தாண்டிப் போனால் மேல்காற்று மட்டும்தான் மிச்சம். அந்தப் பக்கத்து மண் நன்றாக நனைய ஐப்பசி, கார்த்திகை வரவேண்டும். ஆகவே “செங்காந்தள் எந்த மாதம் பூக்கும்?” என்று கேட்டால் இங்கே ஒரே பதில் கிடையாது. தேதியை மட்டும் குறித்து வைத்த நோட்டு இந்தப் பகுதியில் உதவாது. எந்த இடத்தில், எந்தச் செடி, அதற்கு முன்னால் எவ்வளவு மழை என்று மூன்றையும் சேர்த்து எழுதும்போதுதான் பருவம் பிடிபடத் தொடங்குகிறது.

அதனால் எங்கள் பதிவுக்கு மூன்று இடங்கள்: ஆரியங்காவுப் பக்கம் ஒரு சாலையோரச் சரிவு, புளியரையில் வயல் வரப்பும் குளக்கரையும், செங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு தரிசு. மூன்றும் காட்டுக்கு வெளியே இருப்பவை. ஆரியங்காவைத் தாண்டினால் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் வந்துவிடும். அங்கே அனுமதி இல்லாமல் சாலையை விட்டு இறங்கக் கூடாது. பதிவுக்கு அது தேவையும் இல்லை. வாரம் தவறாமல் போய்வரக்கூடிய இடமே நல்ல இடம்.

செடிக்கு அடையாளம் வைப்பதில்தான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன. “இந்த வாரம் தும்பை பூத்திருந்தது” என்று எழுதினால், எந்தத் தும்பை என்பது அடுத்த வாரம் மறந்துவிடும். கண் தானாகவே பூத்த செடியைத் தேடிப் போகும், பூக்காத பத்துச் செடியை விட்டுவிடும். மரங்களுக்குக் குளிர்பானத் தகர டப்பாவை வெட்டி, இரண்டு விரல் அகலப் பட்டையில் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எண் எழுதினால் போதும். மை அழிந்தாலும் பள்ளம் நிற்கும். காகிதச் சீட்டு ஒரு சாரல் சீசனைத் தாங்காது. ஆணி அடிக்க வேண்டாம், கம்பியும் வேண்டாம். கம்பி பட்டையை இறுக்கும். தளர்வாகக் கட்டிய தேங்காய்நார்க் கயிறு நல்லது, வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் சரி.

சின்னச் செடிகளுக்குச் சதுரம் போட வேண்டும். நான்கு முளைக்குச்சி, நான்கு மீட்டர் சணல் கயிறு, ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சு. குச்சியைத் தரைமட்டத்துக்கு அடித்துவிட்டு, எண்ணும்போது மட்டும் கயிற்றைச் சுற்றிக்கொள்ளலாம். கயிற்றை விட்டுவிட்டு வந்தால் ஆடு மாடு காலில் சிக்கும். ஓர் இடத்துக்கு மூன்று சதுரமாவது வேண்டும். ஒன்றை ஆடு மேய்ந்துவிட்டால் மற்ற இரண்டும் கணக்குச் சொல்லும்.

அளவுக்கு 0, 1, 2 போதும். இல்லை என்றால் 0, மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே என்றால் 1, அதற்கு மேல் என்றால் 2. நாடு முழுக்க மரங்களைக் கவனிக்கும் சீசன்வாட்ச் திட்டத்திலும் இதே போன்ற முறைதான். கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் அதில் எழுதுகிறார்கள். தளிர், முற்றிய இலை, பழுத்த இலை, மொட்டு, விரிந்த பூ, பிஞ்சு, பழம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம். இதில் 0 எழுதும் பழக்கம்தான் உயிர்நாடி. முந்தைய வாரம் 0 என்று இருந்தால்தான் இந்த வாரத்து 1 ‘முதல் பூ’ ஆகும். காலிக் கட்டம், பூ இல்லையா, ஆள் போகவில்லையா என்று சொல்லாது.

மழைமானிக்கு இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று. கழுத்துக்குக் கீழே நேராகும் இடத்தில் வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகச் செருகினால் புனல். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் அளவுகோலை ஒட்டி நேரடியாகப் படித்தால் தப்பு வரும். தண்ணீரை 10 மில்லி ஊசிக்குழலால் உறிஞ்சி அளப்பது நம்பகமானது. வாயின் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ., அப்போது 7.85 மில்லி தண்ணீர் 1 மி.மீ. மழை. விட்டம் 10.5 என்றால் 8.66 மில்லி. தினமும் காலை 8.30க்கு எடுத்தால் வானிலைத் துறையின் கணக்கோடு ஒப்பிட வசதி.

மொட்டைமாடியில் வைக்கக் கூடாது. ஆனி, ஆடிக் காற்றில் சாரல் கிடைமட்டமாகப் பறக்கும், மானிக்குள் பாதிகூட விழாது. தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகாமல், செங்கல்லோடு கட்டி, அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். இத்தனை செய்தும் சாரல் கணக்கில் குறைவாகவே விழும். 2.5 மி.மீ. எட்டினால்தான் வானிலைத் துறைக்கு அது மழைநாள். புளியரையில் நாள் முழுக்க இலை நனைந்திருந்தும் மானியில் 1 மி.மீ. மட்டும் இருக்கும் நாட்கள் உண்டு. வரப்புச் செடிகளுக்கு அந்த ஈரம் போதுமானது. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் ‘சாரல்’ என்று தனியாக ஒரு குறி போடுகிறோம். இந்தக் குறியைச் சேர்த்த பிறகுதான் புளியரைச் சதுரங்களின் போக்குக்குக் காரணம் தெரிந்தது.

பங்குனி, சித்திரையில் கொன்றை. முதலில் ஆளை உறுதிசெய்ய வேண்டும். சரக்கொன்றையின் பூங்கொத்து கீழே தொங்கும், காய் உருளையான நீளக் குழாய். கிளை நுனியில் மஞ்சள் கொத்து நிமிர்ந்து நின்று, காய் தட்டையாக இருந்தால் அது வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மஞ்சக்கொன்றை. ஏப்ரல் நடுவில், கொன்றைப் பூ வைத்துக் கொண்டாடும் விஷு வருவதால் மேற்குப் பக்கம் தாழ்ந்த கிளைகளில் பூவை ஒடித்துவிடுவார்கள். அந்த வாரம் உயரக் கிளையை மட்டும் பார்த்து எழுத வேண்டும். காய் முற்றக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். போன வருடத்துக் கறுத்த காயும் இந்த வருடத்துப் பூவும் ஒரே கிளையில் இருப்பது இயல்பு, இரண்டையும் குழப்பக் கூடாது. மின்கம்பிக்காக வெட்டப்படும் மரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வெட்டியபின் வரும் தளிர் பருவத் தளிர் அல்ல.

கோடைமழை விழுந்ததும் வாராந்திர முறை போதாது. காட்டுச்சேனை இலை இல்லாமல் பூவை மட்டும் மண்ணுக்கு மேல் தள்ளும். முதல் மாலையில் அழுகல் நாற்றம், மறுநாள் மகரந்தம், அதன்பின் வாடிவிடும். ஏழு நாள் இடைவெளியில் போனால் கருகிய தண்டுதான் கிடைக்கும். முதல் நல்ல கோடைமழைக்குப் பின் மூன்று வாரமாவது ஒன்றுவிட்டு ஒருநாள் பார்க்க வேண்டும்.

செங்காந்தள்தான் இந்தப் பதிவின் மையம், மூன்று இடத்திலும் இருப்பதால். கோடையில் மண்ணுக்கு மேல் ஒன்றுமே இராது. மேற்குச் சரிவில் இடவப்பாதி மழையோடு (தென்மேற்குப் பருவமழைக்குக் கேரளத்துப் பெயர்) முளை வந்து ஆடி, ஆவணியில் பூ. புளியரையில் கொஞ்சம் பின்தங்கும். கிழக்குத் தரிசில் சாரல் எட்டாத இடத்தில் ஐப்பசிக்குப் பிறகுதான். மேற்கே காய் வெடித்துச் சிவப்பு விதை தெரியும்போது கிழக்கே மொட்டு நிற்கும். பூவின் வயதை நிறமே சொல்லும்: மொட்டில் பச்சை, விரிந்ததும் அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், முதிர்ந்தால் முழுச் சிவப்பு. எண்ணும்போது ‘மஞ்சள் உள்ளவை’, ‘முழுச் சிவப்பு’ என்று பிரித்தால், ஒரே நாள் பதிவிலிருந்தே பூக்காலம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கலப்பை வடிவக் கிழங்கு வருடாவருடம் புதிதாகிறது. பழையது சுருங்கி, அதன் நுனியில் அடுத்தது உருவாகும். அதனால் அடுத்த முளை போன வருடத்துக் குச்சியிலிருந்து சில அங்குலம் விலகி வரும். புதுச்செடி என்று நினைத்துப் புது எண் கொடுத்தால் பழையது செத்ததாகக் கணக்காகும். சந்தேகத்துக்குத் தோண்டிப் பார்க்காதீர்கள். கிழங்கு கொடிய நஞ்சு, தோண்டினால் செடிக்கும் கேடு.

ஆவணியில் தும்பையும் முக்குற்றியும். தும்பையில் வெள்ளைப் பூ தொட்டாலே உதிரும். ஆகவே பூவை எண்ணாமல், ஒரு வெள்ளையாவது உள்ள கொண்டைகளை எண்ணுவது சரி. முக்குற்றி தொட்டால் இலை மடக்கும். படம் முதலில், கயிறு பிறகு. ஓணத்துக்கு முந்தைய பத்து நாளில் மேற்குச் சதுரங்களில் பூ திடீரென்று குறைந்தால் காரணம் வாசலில் பூவால் போடும் பூக்களம்தான். அங்கே ‘பறிப்பு’ என்று எழுத வேண்டும்.

விஷ்ணுகிராந்தியின் நீலப்பூ காலையில் விரிந்து மதியத்தில் மூடும். மதியம் போய் 0 எழுதினால் பொய்க் கணக்கு. எல்லா எண்ணிக்கையும் காலை 8 முதல் 10க்குள் முடிய வேண்டும் என்று வைத்ததற்கு இந்தச் செடிதான் காரணம்.

ஆவாரை வறண்ட நிலத்துச் செடி, கணவாய்க்கு மேற்கே அரிது. கிழக்கே எந்த மாதமும் ஏதாவது ஒரு கிளையில் பூ இருக்கும், அதனால் ‘முதல் பூ’ என்ற கட்டம் இதற்குப் பொருந்தாது. 1 எப்போது 2 ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மார்கழிக் கடைசியில் பொங்கல் காப்புக்கு ஆவாரையும் பீளையும் பறிபோகும், அங்கேயும் ‘பறிப்பு’க் குறி.

உண்ணிச்செடி, பார்த்தீனியம், வெட்டுக்காயப்பூண்டு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பூ அதிகம் என்று பட்டியலில் சேர்க்கத் தோன்றும். இவற்றை எண்ணுவதில்லை, சதுரத்தில் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்பதை மட்டும் வருடம் இரண்டுமுறை குறிக்கிறோம். பிடுங்குவதும் இல்லை. பிடுங்கினால் அந்தச் சதுரம் சுற்றியுள்ள நிலத்தைப் போல இராது.

இனிச் செய்ய வேண்டியது, வரப்பு வெட்டுக்கு முன்னால் புளியரைக் குச்சிகளின் இடத்தை, நகராத இரண்டு கல்லிலிருந்து அளந்து நோட்டில் எழுதுவது. கார் சாகுபடிக்கு வரப்பைச் செதுக்கும்போது குச்சிகள் போய்விடும், கிழங்கு உள்ளே இருக்கும். இரண்டு கல்லிலிருந்தும் தூரம் தெரிந்தால் சாரல் தொடங்கியதும் அதே இடத்தில் முளையைத் தேடலாம்.