மகளுக்கு இசைக்கல்லூரி தேடியபோது கேட்ட கச்சேரிகள்

காட்பாடியில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். வண்டிச் சத்தத்தைக் கேட்டே எங்கே தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ராகம் மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. என் மகளோ பிளஸ் டூ முடிவதற்குள்ளேயே, படித்தால் வயலின்தான் என்று உட்கார்ந்துவிட்டாள்.

காங்கேயநல்லூரில் இருக்கும் அவளுடைய வயலின் சாரிடம் போனோம். ஏழெட்டு இடங்கள் சொன்னார். அடையாறு அரசு இசைக்கல்லூரி 1949-ல் ஆரம்பித்தது, முசிறி சுப்பிரமணிய ஐயர்தான் முதல் முதல்வர். சிதம்பரத்தில் 1929-லிருந்தே சொல்லித்தருகிறார்கள். திருவையாறு தியாகராஜர் சமாதி இருக்கிற ஊர். திருப்பதி நமக்குப் பக்கம், இப்படி. "எல்லாம் சரி சார், இன்றைக்கு அங்கே எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டேன். "பிள்ளைங்க கச்சேரியைப் போய்க் கேளுங்க. ஆண்டு விழாவுக்கு மட்டும் போகாதீங்க" என்றார்.

நாங்கள் முதலில் போனதே ஓர் ஆண்டு விழாவுக்குத்தான். அன்றைக்குத்தான் கடைக்கு லீவு விட முடிந்தது. (நான் போய்ப் பார்த்த மூன்று இடங்களின் பெயரை இங்கே சொல்லவில்லை. ஒரு சாயங்காலத்தை வைத்து ஒரு கல்லூரியின் பெயரைக் கெடுக்கக் கூடாது.) நாற்பது பேர் சேர்ந்து பாடினார்கள். நாற்பது பேர் பாடும்போது யார் சுருதியோடு சேர்கிறார், யார் வாயை மட்டும் அசைக்கிறார் என்று கடவுளுக்கே தெரியாது. அப்புறம் ஒரு பெண் தனியாக வாசித்தாள். எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது. இங்கேயே சேர்த்துவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தபோது, "அந்த அக்கா சின்ன வயசுலேருந்து வெளியில கத்துக்கறாங்க சார், இங்க சேர்ந்து ஏழு மாசம்தான் ஆகுது" என்றான்.

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன், சிரித்தார். "முதல் வருஷத்துப் பிள்ளையையும் மூணாவது வருஷத்துப் பிள்ளையையும் ஒரே நாளில் கேளுங்க. நடுவுல இருக்கற வித்தியாசம்தான் காலேஜ். கெட்டிக்காரப் பிள்ளை எங்க போனாலும் வாசிக்கும், சுமாரா வாசிக்கறதைப் பாருங்க." யூடியூப் வீடியோவையும் நம்ப வேண்டாம் என்றார். எக்கோ வைத்துவிட்டால் எல்லாச் சத்தமும் இனிப்பாகத்தான் வருமாம்.

இரண்டாவது இடத்தில் மூன்றாம் வருஷத்து மாணவர்கள் வாசித்தார்கள். துளி பிசிறில்லை. எனக்குத் திருப்திதான். மகள்தான் என் கையைக் கிள்ளினாள். "நைனா, இப்ப வாசிச்ச ஸ்வரம் முன்னாடி அந்தப் பொண்ணு வாசிச்ச அதே ஸ்வரம். வரிக்கு வரி." கல்பனாஸ்வரம் என்பது அந்த நேரத்தில் கற்பனையில் வர வேண்டியது. இங்கே நோட்டில் எழுதி மனப்பாடம் பண்ணி வந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் அப்படித்தான் பழக்குவார்கள், அது தப்பில்லை என்றார் சார். மூன்றாவது வருஷத்திலுமா என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது இடத்தில் விழாவும் இல்லை, மேடையும் இல்லை. ஒரு வகுப்பறையில் ஜமுக்காளம் விரித்து மாணவர்கள் முறை வைத்து வாசிக்கிறார்கள். கேட்க முப்பது பேர் இருந்தால் அதிகம். ஒரு பையன் ஆதி தாள வர்ணம் எடுத்தான், கச்சேரி ஆரம்பத்தில் வாசிக்கிற உருப்படி அது. முதல் காலம், அதாவது மெதுவான வேகம், சுமாராகப் போனது. அதையே இரட்டிப்பு வேகத்தில் இரண்டாம் காலம் எடுத்ததுமே பிரடை (தந்தியை முறுக்கும் கட்டை) நழுவி, தந்தி தொய்ந்து, கேட்கச் சகிக்காத சத்தம். பையனுக்கு வேர்த்துவிட்டது. மிருதங்கக்காரப் பிள்ளை நிறுத்தவில்லை, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு தாளத்தை மட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தான். ஓரத்தில் இருந்த டீச்சர் எழுந்து வரவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே அந்த வரியைப் பாட ஆரம்பித்தார். பையன் பிரடையைத் திருகி, காதை வைத்துச் சுருதி சேர்த்து, அவர் பாடிக்கொண்டிருந்த இடத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டான். அரை நிமிஷம்கூட இருக்காது. முடிந்ததும் டீச்சர் எல்லார் முன்னாலும் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: "எந்தக் கமகத்தை விட்டுட்டே, சொல்லு." கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது. அவன் சரியாகச் சொன்னான்.

அதன்பின் மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள் இருவர் ஒரே ராகத்தில் ஸ்வரம் வாசித்தார்கள். ஒருத்தி வாசித்தது போல இன்னொருத்தி வாசிக்கவில்லை. இந்த முறை மகள் என்னைக் கிள்ளவே இல்லை, குனிந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தால் அந்தப் பையன் வராந்தாவில் உட்கார்ந்து பிரடையை முழுதாகக் கழற்றி சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தான். சாக்பீஸ் தேய்த்தால் பிரடை வழுக்காது என்று மகளுக்கும் காட்டிக் கொடுத்தான். எங்கள் கடையில் போல்ட் இளகினால் நாங்கள் வேறு ஒன்று தடவுவோம் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஹாஸ்டல் சாப்பாடு, பஸ் வசதி எல்லாம் மற்ற இரண்டு இடங்களைவிடக் குறைவுதான். என் மனைவிக்கு இன்னும் அதில் மனக்குறை உண்டு. விண்ணப்பம் போட்டோம், தேர்வில் வர்ணத்தை இரண்டு காலத்தில் வாசிக்கச் சொன்னார்களாம், இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்ட அன்று பெட்டி, வாளி, தலையணை எல்லாம் இறக்கி வைத்துவிட்டு வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். "எதிர்க் கடையில ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கிக் குடு நைனா" என்றாள்.