பான்ஜோ மேத்யூஸும் என் முதல் கூண்டும்

நார்த் கரோலினாவில் ஸ்டாக் கார் என்ற பந்தயக் கார்களைக் கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்த முதல் மாதம், மோதும்போது ஓட்டுநரைக் காக்கும் கூண்டுக்கான குழாய் ஒன்றைக் குட்டையாக வெட்டிவிட்டேன். 1.75 அங்குல இரும்புக் குழாய். அதன் சுவர் 0.09 அங்குலம்தான். நுனியை மீன்வாய் மாதிரி வெட்டி, அடுத்த குழாயைக் கவ்விக்கொண்டு உட்காரும்படி வைக்க வேண்டும். எனக்கு இடைவெளி விழுந்தது. வெல்டிங்கால் நிரப்பி, கிரைண்டர் போட்டு மறைத்தேன். மூத்த வெல்டர் விரலால் தடவிப் பார்த்தார். பேசாமல் அதை அறுத்தெடுத்தார். அப்புறம்தான், "நீ இதற்குள் உட்கார்ந்து ஒரு முறை சுவரில் மோதியிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டாய்" என்றார்.

அன்று மதியம் அவர்தான் பான்ஜோ மேத்யூஸைப் பற்றிச் சொன்னார்.

1932இல் ஒஹையோவின் ஆக்ரனில் பிறந்தவர். சிறு வயதிலேயே தடித்த மூக்குக்கண்ணாடி. அதில் பெரிதாகத் தெரிந்த கண்களால் வந்த பட்டப்பெயர் பான்ஜோ; அது வட்ட முகம் கொண்ட ஒரு நரம்பு வாத்தியம். அமெரிக்க ஸ்டாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் உச்சப் பிரிவில் சுமார் ஐம்பது பந்தயங்கள் ஓட்டினார். ஒன்றில்கூட வெற்றி இல்லை. பிறகு கார் உரிமையாளரானார். அவருடைய காரில்தான் டானி ஆலிசன் 1970இல் சார்லட்டின் 600 மைல் பந்தயத்தை வென்றார்.

ஆஷ்வில்லுக்குப் பக்கத்தில் ஆர்டன் என்ற ஊரில் இருந்த அவருடைய பட்டறை, 1970களில் மற்றவர்களுக்கு கார் கட்டிக் கொடுக்கும் இடமானது. பெயர்தான் ஸ்டாக் கார், அதாவது கடையில் விற்கும் அதே கார். அந்தக் காலத்திலேயே உள்ளே இருந்த சட்டமும் கூண்டும் கையால் கட்டியவை.

1978ஆம் ஆண்டைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வேன். அந்த ஆண்டு நடந்த 30 பந்தயங்களையும் அவர் பட்டறைக் கார்களே வென்றன. கேல் யார்பரோ 10, டாரெல் வால்ட்ரிப் 6, பாபி ஆலிசன் 5, டேவிட் பியர்சன் 4. ஒருவரையொருவர் முந்தத் துடித்த போட்டியாளர்கள். ஓல்ட்ஸ்மொபீல், ஷெவர்லே, ஃபோர்டு, மெர்குரி என்று மேலே போர்த்திய உடல் தகடுகளும் வெவ்வேறு. லென்னி பாண்ட் தன் வாழ்நாளின் ஒரே வெற்றியை டலடேகா பந்தயத் தடத்தில் பெற்றதும் அந்த ஆண்டுதான்.

எனக்கு எண்ணிக்கையைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது: நல்லதைத் தனக்கென்று ஒளித்து வைக்காமல், காசு கொடுத்த எல்லோருக்கும் அதே தரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார். தனக்குக் கிடைக்காத வெற்றியை அடுத்தவர் கையில் அப்படிக் கொடுக்கப் பெரிய மனசு வேண்டும். அதோடு, அந்த இருக்கையில் உட்கார்ந்தவர் அவர். இடப்பக்கமே திரும்பும் தடத்தில் பின்சக்கரம் எப்போது வழுக்கத் தொடங்கும் என்பதை அவர் உடம்பே அறிந்திருக்கும்.

நான் பந்தயம் ஓட்டியதில்லை. அதனால் இப்போதெல்லாம் குழாய்களைப் பொருத்தியதும், முழு வெல்டிங்குக்கு முன் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன். இடது தோளுக்குப் பக்கத்தில் கதவுக் குழாய்கள் எங்கே வருகின்றன என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.