ஓட்டிப் பார்க்காமல் வாங்கிய ஃபிரேம்: தூக்குக்குண்டும் தரை வாட்டமும்

ஃபிரேம் வந்தது, கோத்தாயிற்று, ஏறி உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. பழைய சைக்கிளில் கை எங்கே போய் விழுந்ததோ அங்கேயே விழுகிறது. வெளியூரிலிருந்து, ஒருவர் ஓட்டிய ஃபிரேமை, நேரில் பார்க்காமல் வாங்கி இப்படிப் பொருந்தியது உன் அதிர்ஷ்டம் என்கிறார் கூட ஓட்டுகிற நண்பர். அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூடத்துத் தரையில் குப்புறப் படுத்து அளந்தவன் நான்; பெயர் அதிர்ஷ்டத்துக்கா?

கடலூரில் இருந்துகொண்டு ரோடு பைக் தேடுகிறவர்களுக்கு நிலைமை தெரியும். 54, 56 என்ற இரண்டு ஃபிரேம் அளவுகளையும் பக்கத்தில் நிறுத்தி ஏறிப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டும். போனாலும் நமக்கு வேண்டிய அளவு கடையில் இருக்கும் என்பது நிச்சயமில்லை. “உயரம் எவ்வளவு சார்? அப்படியென்றால் உங்களுக்கு மீடியம்” என்று சட்டை எடுத்துக் கொடுப்பதுபோல் முடித்துவிடுகிறார்கள். நானும் என் தம்பியும் ஒரே உயரம். அவன் சீட்டை என் அளவுக்கு ஏற்றினால் அவன் கால் பெடலுக்கு எட்டாது.

கால் உள்ளளவை, அதாவது கவட்டிலிருந்து தரை வரையிலான அளவை, 0.883ஆல் பெருக்கிச் சீட் உயரம் வைக்கும் கணக்கைக் குறை சொல்லவில்லை. அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரோடு பரவிய அந்தக் கணக்கில் 83 சென்டிமீட்டர் காலுக்கு 73.3 வருகிறது, என் சீட்டும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது. ஆனால் அதே கால் அளவை 0.67ஆல் பெருக்கி ஃபிரேம் அளவு சொல்கிறார்களே, அது மேல் குழாய் தரைக்கு இணையாக ஓடிய காலத்துக் கணக்கு. 1990களில் சைக்கிள் வடிவமைப்பாளர் மைக் பரோஸ் ஜயண்ட் நிறுவனத்துக்காக வடிவமைத்த டிசிஆர் என்ற ரோடு பைக் வந்து, மேல் குழாய் பின்னோக்கிச் சரியத் தொடங்கிய பிறகு, சீட் குழாயின் நீளத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேல் குழாய் நீளமும் ஏமாற்றும். சீட் குழாயின் சாய்வு ஒரு டிகிரி மாறினால் என் சீட் உயரத்தில் அது கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர். ஒரே மேல் குழாய் நீளம் போட்ட இரண்டு ஃபிரேம்களில் இவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருக்கலாம்.

எனவே ஸ்டாக், ரீச் இரண்டைத் தவிர வேறு எதையும் நான் பார்ப்பதில்லை. பெடல் சுழலும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து முன் குழாயின் மேல் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். ஆனால் இங்கேயும் பலர் ரீச் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். ட்ரெக் டொமானி எஸ்எல் மூன்றாம் தலைமுறையில் 54 அளவுக்கு ஸ்டாக் 575, ரீச் 374. ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்எல்7 54க்கு ஸ்டாக் 544, ரீச் 384. “டார்மாக் 10 மில்லிமீட்டர் நீளம்” என்பார்கள். இல்லை. முன் குழாய் சுமார் 73 டிகிரியில் பின்னால் சாய்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு அடியில் 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையம் போட்டால் ஹேண்டில்பார் மேலே போவதோடு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நம் பக்கமும் வரும். டார்மாக்கை டொமானியின் உயரத்துக்கு, அதாவது 31 மில்லிமீட்டர், ஏற்றிப் பாருங்கள். ரீச் ஒன்பதரை குறைந்து 374.5 ஆகிறது. இரண்டும் ஒரே நீளம்தான். உயரத்தைச் சமன் செய்யாமல் ரீச்சை ஒப்பிடுவது வீண் வேலை.

இனி அளந்த கதை. உடம்பை அளந்து சூத்திரத்தில் போடுவதைவிட, ஏற்கெனவே முதுகு வலிக்காமல் ஓட்டுகிற சைக்கிளை அளப்பதே மேல் என்பது என் கட்சி. பழைய சைக்கிளில் புதுச்சேரி போய், திரும்பும்போது அரியாங்குப்பம் தாண்டி எதிரே சோழகக் காற்று அறைய, டிராப்பில், அதாவது ஹேண்டில்பாரின் கீழ் வளைவில், குனிந்தபடியே மஞ்சக்குப்பம் வரை வந்திருக்கிறேன். கழுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த இருக்கையை எண்ணாக மாற்றிவிட்டால் போதும். ஆனால் அது பெயர் தெரியாத அலுமினிய ஃபிரேம். 56 என்ற ஸ்டிக்கரைத் தவிர அதற்கு அட்டவணை எதுவும் கிடையாது.

மாடியில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் அண்ணனிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கினேன். சைக்கிளை நேராக நிறுத்தி, முன் குழாயின் மேல் வாய் நடுவிலிருந்து நூலை விட்டு, குண்டு நிற்கும் இடத்தில் தரையில் ஒட்டிய காகித டேப்பில் பென்சில் புள்ளி. கிராங்க் போல்ட் நடுவிலிருந்து இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடைவெளி ரீச். கேட்க எளிதாக இருக்கிறது. மின்விசிறி ஓடினால் குண்டு நிற்காது. நிறுத்தினால் கடலூர்ப் புழுக்கத்தில் வியர்வை சொட்டிப் பென்சில் கோடு அழியும். கடைசியில் குண்டின் நுனியை ஒரு தம்ளர் தண்ணீரில் முங்க விட்டு, ஆட்டம் அடங்கிய பிறகு நூலை மூலைமட்டத்தால் தரைக்கு இறக்கிக் குறித்தேன். முன் குழாயின் வாய் எது என்பதிலும் கவனம் வேண்டும். முன் குழாயில் உட்காரும் பேரிங்கான ஹெட்செட்டின் மேல்மூடி ஃபிரேமில் சேராது. அதை ஸ்பேசர் கணக்கில்தான் வைக்க வேண்டும். சில மூடிகள் 15 மில்லிமீட்டர் உயரம் இருக்கும்.

நூலை எடுக்க வந்த அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கூடத்துக்கு வாசல் பக்கம் வாட்டம் விட்டிருக்கிறது. கழுவினால் தண்ணீர் வெளியே ஓட வேண்டாமா?” அவரே தண்ணீர் டியூபைப் பிடித்துக் காட்டினார். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. கண்ணுக்குத் தெரியாத சரிவுதான், ஆனால் 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிற புள்ளியை அது ஐந்தரை மில்லிமீட்டர் தள்ளிவிடும். நான் தேடிக்கொண்டிருந்த வித்தியாசமே அவ்வளவுதான்! இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மீட்டர் இருப்பதால், தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பழைய நாள்காட்டி அட்டைகளை அடுக்கி மறுபடி அளந்தேன். வீட்டில் அளக்கிறவர்கள் முதலில் தரையை அளந்துவிடுங்கள்.

பழையது: ஸ்டாக் 558, ரீச் 378, மூடியும் ஸ்பேசரும் சேர்ந்து 25, ஸ்டெம் 100. ஸ்டெம்மின் அடி 583 உயரத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் ரீச் 370 சொச்சம். விற்பனைக்கு வந்த ஃபிரேமின் அட்டவணையில் ஸ்டாக் 570, ரீச் 376. மூடியோடு சேர்த்து 15 மில்லிமீட்டர் ஏற்றினால் 585, 371. ஸ்டிக்கரில் போட்டிருப்பதோ 54. ஸ்டிக்கரை நம்பியிருந்தால் பக்கத்திலேயே போயிருக்க மாட்டேன்.

விற்றவர் பெங்களூர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அளவு கேட்டால் ஸ்டிக்கரின் படத்தையே அனுப்பிக்கொண்டிருந்தார். ஸ்டாக் அளக்கச் சொன்னால் யாருக்கும் வராது. அதனால் முன் குழாயின் நீளத்தை மட்டும் டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அட்டவணையில் அளவுக்கு அளவு தெளிவாக மாறுகிற எண் அது, ஒளிக்கவும் முடியாது. 54க்கு உரிய நீளமே இருந்தது. உடனே பணத்தை அனுப்பிவிட்டேன்.

ஹேண்டில்பாரையும் கணக்கில் சேருங்கள். அது முன்னால் நீளும் அளவுக்கும் ரீச் என்றுதான் பெயர்: பழையதில் 85, புதிதாக வாங்கிய காம்பேக்ட் வகையில் 75. அந்த 10 மில்லிமீட்டரை ஈடுகட்ட ஸ்டெம் 110 ஆனது. இதை விட்டுவிட்டு ஃபிரேம் சின்னது என்று விற்றவர்களை எனக்குத் தெரியும்.

வேண்டிய கனத்தில் ஸ்பேசர் கிடைக்கவில்லை. இணையத்தில் வரும் கார்பன் ஸ்பேசர்களின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. சிப்காட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் 28.6 மில்லிமீட்டர் ஸ்டீரருக்கு (முன் குழாய்க்குள் ஏறும் ஃபோர்க்கின் தண்டு) அலுமினியத்தில் கடைந்து கொடுத்தார்கள். கடையில் வாங்கியதைவிடச் சுத்தமாக இருக்கிறது. சீட்போஸ்டுக்குக் கிரீஸ் தாராளமாக. தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் சும்மா விட்டால் போஸ்ட் ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும்; பிறகு எந்தச் சாமி வந்தாலும் கழற்ற முடியாது.

ஸ்டீரரை இன்னும் அறுக்கவில்லை. ஸ்டெம்முக்கு மேலே மிச்ச ஸ்பேசர்கள் கோபுரமாக நிற்பதைப் பார்த்து நண்பர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். 200 கிலோமீட்டர் பிரவே (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஒன்று ஓட்ட வேண்டும், 13 மணி 30 நிமிடக் கெடு. அவ்வளவு நேரம் உட்கார்ந்த பிறகு கை இன்னும் 5 மில்லிமீட்டர் கீழே கேட்கிறதா மேலே கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரம்பம். அதற்குள் 32 மில்லிமீட்டர் அகல டயரில் டியூப்லெஸ் போடலாமா என்று வேறு யோசனை ஓடுகிறது. பின் ஃபோர்க்கில் இடம் இருக்கிறதா என்று இன்று இரவு ஒரு பென்சிலை நுழைத்துப் பார்க்க வேண்டும்.